கோவையிலிருந்து ஊட்டிக்கு நன்கொடை மிதிவண்டிப் பயணம்: சமவெளிக்காரர் எப்படித் தயாராவது?

கேள்வி: அடையாறு ஓட்டி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது நாற்பத்தைந்து, சென்னையில் வசிக்கிறேன். குழந்தைகளின் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதற்காக, வரும் சனவரியில் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம், கோத்தகிரி வழியாக ஒரே நாளில் ஊட்டிக்கு ஏறி, மறுநாள் குன்னூர் வழியாக இறங்கும் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று திரும்புவது எனக்குப் பழகிய தூரம்தான். ஆனால் மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்றம் அறியேன். என் சைக்கிளில் முன்புறம் 50, 34 பற்களும், பின்புறம் 11 முதல் 28 பற்கள் வரையும் உள்ளன. என்னையும் சைக்கிளையும் சேர்த்தால் எடை ஏறத்தாழ 85 கிலோ வரும். கைவசம் நான்கு மாதங்கள் இருக்கின்றன. உடற்பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது, சைக்கிளில் எதையாவது மாற்ற வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நண்பர்கள் நன்கொடை தருவதாகச் சொல்லியிருப்பதால், பாதியில் நின்றுவிடக் கூடாதே என்ற அச்சமும் இருக்கிறது.

மறுமொழி: கோவை மெக்கானிக்

ஐயா, காலுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன் கியரைச் சரிசெய்துகொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 325 மீட்டரிலும், கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. இடையிலுள்ள முப்பத்து மூன்று கிலோமீட்டரில் தொடக்கத்துச் சமதளத்தைக் கழித்துவிட்டால் சராசரிச் சாய்வு ஐந்து விழுக்காடு. படிக்கும்போது சிறிய எண்ணாகத் தோன்றும் இந்தச் சாய்வு, மணிக்கணக்கில் ஓய்வே தராமல் தொடர்வதுதான் சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களைச் சோர வைக்கிறது.

உங்களிடம் இப்போதுள்ள மிக இலகுவான கியர் 34க்கு 28. அதில் நிமிடத்துக்கு அறுபது முறை மிதித்தால் வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். உங்கள் எடைக்கு அந்த ஏற்றத்தில் இதற்கு ஏறத்தாழ 125 வாட் திறன் தேவைப்படும். பின்புறம் 34 பல் வரை உள்ள கேசட்டை (பின்சக்கரத்தில் உள்ள பற்சக்கரங்களின் தொகுப்பு) போட்டால், அதே அறுபது மிதிப்பில் ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில், 105 வாட்டுக்குள் ஏறிவிடலாம். இருபது வாட் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நான்கு மணிநேரம் ஏறும்போது, முழங்கால் வலி இல்லாமல் மேலே போய்ச் சேர்வதும் வழியில் உட்கார்ந்துவிடுவதும் அந்த இருபது வாட்டைப் பொறுத்தே அமைகின்றன. அதைவிடச் செங்குத்தான துண்டுகளும் வழியில் உண்டு.

எடை குறைந்த சட்டகம், கார்பன் சக்கரம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். 85 கிலோவில் ஒரு கிலோ குறைந்தால், நான்கு மணிநேர ஏற்றத்தில் மூன்று நிமிடம் மிச்சமாகும். கேசட்டுக்கு ஆகும் செலவோ அவற்றின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

மறுமொழி: குன்னூர்க்காரர்

மேலே நண்பர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் கோத்தகிரியோடு ஏற்றம் முடிந்துவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கிருந்து கட்டபெட்டு வழியாகத் தொட்டபெட்டா சந்திப்பு வரை மறுபடியும் ஏறிய பிறகுதான் ஊட்டிக்கு இறக்கம் வரும். ஆக, அன்று ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் ஓடி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். கோத்தகிரியில் தேநீர் குடித்ததும் வேலை முடிந்தது என்று உடலைத் தளரவிட்டவர்களே பிற்பகலில் தவிப்பார்கள்.

சென்னையில் ஏற்றம் இல்லாதது பெரிய குறையல்ல. கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்று வீசும் நாளில், கனமான கியரில் மெதுவாக, உட்கார்ந்தபடியே இருபது நிமிடம் மிதித்து, ஐந்து நிமிடம் இளைப்பாறி, மறுபடி மிதியுங்கள். பேசினால் வாக்கியம் முழுதாக வரும், பாட்டு மட்டும் வராது என்ற அளவில் மூச்சு இருக்கட்டும். மாதம் ஒரு முறையாவது உண்மையான மலைக்குப் போய்வர வேண்டும். சோலார்பேட்டை வரை ரயிலில் சென்றால், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரி முதற்பாடத்துக்குப் போதும். இறுதி ஒத்திகைக்குச் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுங்கள். இருபது வளைவுகளும் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஏற்றமும் கோத்தகிரிச் சாலையின் பெரும்பகுதியை உங்கள் கால்களுக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்துவிடும். அதன் பிறகு, பயணத்துக்கு முந்தைய பத்து நாட்களில் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறத் தொடங்கி அரைமணியில் இருந்தே, பசிக்கிறதோ இல்லையோ, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும், மீதியைக் கடலைமிட்டாயும் இட்லியும் பார்த்துக்கொள்ளும். ஓ.ஆர்.எஸ். கரைசல் உப்பை ஈடுசெய்யுமே தவிர, ஒரு லிட்டரில் குளுக்கோஸ் பதின்மூன்றரைக் கிராம்தான் என்பதால் அதை உணவாக நம்ப முடியாது. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாமல் இரண்டு பெரிய புட்டிகளைச் சைக்கிளிலேயே மாட்டிவாருங்கள். குடிநீர் இயந்திரங்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

பலரும் ஏற்றத்தை எண்ணிப் பயப்படுகிறார்கள். நான் அஞ்சுவது மறுநாள் இறக்கத்தை. சனவரிக் காலையில் ஊட்டியில் உறைபனி படியும் நாட்கள் உண்டு, விரல் விறைத்தால் பிரேக்கைச் சரியாகப் பிடிக்க முடியாது. எனவே முழுக் கையுறையும் காற்று புகாத மேல்சட்டையும் இல்லாமல் கிளம்ப வேண்டாம்; வெயில் ஏறிய பிறகு புறப்படுவது இன்னும் நல்லது. குன்னூருக்குக் கீழே பர்லியாறு, கல்லாறு நோக்கி இறங்கும் பதினான்கு வளைவுகளிலும், வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும். நேரான இடத்தில் இரண்டையும் உறுதியாகப் பிடித்து, உடனே விட்டுவிடுங்கள். ஏறிவரும் பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பதால் ஒதுங்கி நிற்க வேண்டியது இறங்குபவர்தான். முதல் நாள் விடிவதற்கு முன் மலையேறத் தொடங்கவும் வேண்டாம்: குஞ்சப்பனைப் பக்கம் யானைகளும், கோத்தகிரியை ஒட்டிக் காட்டெருமைகளும் சாலைக்கு வருவது இங்கே வழக்கமான செய்தி.

மறுமொழி: நிதி திரட்டும் தொண்டர்

கடைசி வரியில் நீங்கள் சொன்ன அச்சத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கிலோமீட்டர் கணக்கில் நன்கொடை பெறுவது விளம்பரத்துக்கு நல்ல வழி. ஆனால் மலைப்பாதையில் அது ஓட்டுபவரைத் தவறான முடிவுக்குத் தள்ளும். மூடுபனியோ நெஞ்சுவலியோ வந்தாலும் இன்னும் பத்துக் கிலோமீட்டர் போனால் பணம் வருமே என்று மனம் கணக்குப் போடும். ஆகையால் நண்பர்களிடம் இப்போதே பேசி, தொகையைப் பயணத்துக்கு முன்பே அறக்கட்டளையின் கணக்கில் நேரடியாகச் செலுத்தச் சொல்லுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிக்கழிவு கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தக் கழிவே இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது. உடன்வரும் உதவி வாகனம் நீலகிரிக்குள் நுழைய, இணையத்தில் பெறும் அனுமதிச் சீட்டான இ-பாஸ் எடுக்க மறவாதீர்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்தில் தொடங்கிய நடைமுறை அது.

கேட்டவர்: அடையாறு ஓட்டி

மூவருக்கும் மிக்க நன்றி. நன்கொடை பற்றி இன்றே நண்பர்களுக்கு எழுதிவிட்டேன். 34 பல் கேசட்டைப் போட வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்குமா?

மறுமொழி: கோவை மெக்கானிக்

பின்புற டெரெய்லரின் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கருவி) கூண்டு குட்டையாக இருந்தால் 34 பல்லை ஏற்காது. நீளமான கூண்டுள்ள டெரெய்லரும், சற்று நீண்ட புதிய செயினும் தேவைப்படும். டெரெய்லரின் உட்புறம் மாடல் எண் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்துச் சொன்னால் உறுதிப்படுத்துகிறேன். எதை மாற்றினாலும் ஏற்காடு ஒத்திகைக்கு முன்பே மாற்றிவிடுங்கள், புதிய கேபிள் சில நாள் ஓட்டத்தில் தளர்ந்து கியரை மறுபடி சரிசெய்ய வேண்டிவரும்.