ஹால் டிவி பெட்டியில் பிஎஸ்2 எமுலேட்டர்: பிராசசரை மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டு போடுவதா?

திருச்சிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 வைத்திருக்கிறேன். ஒல்லியான எஸ்எஃப்எஃப் கேபினட், கம்பெனிகள் கழித்துவிட்டதைத் துடைத்து விற்பார்களே, அந்த ரகம். ஐ5-4570, 8 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒரே ஸ்டிக்காக, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படம் பார்க்கவும் யூடியூபுக்கும் இதுவரை தாராளமாகப் போதும்.

வீட்டில் இருக்கும் பிஎஸ்2 (பிளேஸ்டேஷன் 2) கன்சோலின் லென்ஸ் போய்விட்டது, டிஸ்க் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பயாஸை (கன்சோலைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள்) அந்த கன்சோலிலிருந்தே எடுத்தேன், டிஸ்க்குகளை இந்தப் பெட்டியின் டிவிடி டிரைவிலேயே போட்டு ஐஎஸ்ஓ கோப்புகளாக (டிஸ்க்கின் முழு நகல்) ஆக்கிக்கொண்டேன். பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டரில், அதாவது பிஎஸ்2 ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருளில், கிரான் டூரிஸ்மோ 4 ஓடுகிறது, ஆனால் ரேஸ் தொடங்கியதும் இழுக்கிறது, சத்தமும் துண்டு துண்டாக வருகிறது. அதைவிடக் குழப்பம் என்னவென்றால், டக்ஸ்டேஷன் எமுலேட்டரில் பிஎஸ்1 ஆட்டங்கள்கூட வழுக்கிக்கொண்டு போகாமல் தட்டித் தட்டிப் போகின்றன, பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான்.

டிவி 43 அங்குலம், 4கே. பெட்டியில் எச்டிஎம்ஐ இல்லை, டிஸ்ப்ளேபோர்ட்தான், அதனால் சின்ன அடாப்டர் ஒன்று நடுவில் இருக்கிறது.

ஒரு கடையில் விசாரித்தால் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் இதைத் தூக்கிப் போட்டுப் புதுசு எடுக்கச் சொல்கிறார்கள். பட்ஜெட் 10,000 ரூபாய். ஐ7-4790 போடலாமா, ஜிடிஎக்ஸ் 1650 போடலாமா, ரேமை ஏற்றலாமா? நின்டெண்டோவின் கேம்க்யூப், வீ ஆட்டங்களும் ஓடினால் நல்லது. முடிந்தால் பிஎஸ்3-யும்.

பழையபெட்டி

ப்ரோ, பணத்தை எடுக்கும் முன்னால் ஒன்று பாருங்கள். பிஎஸ்1-இன் பிராசசர் 33 மெகாஹெர்ட்ஸ் சொச்சம்தான். அதை எமுலேட் செய்ய உங்கள் ஐ5 பாதி தூக்கத்தில் இருந்தாலே போதும். பிஎஸ்1-ஏ தட்டுகிறது என்றால் கோளாறு வேகத்தில் இல்லை, படம் டிவிக்குப் போகும் வழியில் இருக்கிறது.

அந்தச் சின்ன அடாப்டர் மேல்தான் சந்தேகம். மலிவான அடாப்டர்கள் எதையும் மாற்றித் தருவதில்லை, டிஸ்ப்ளேபோர்ட் வழியாக எச்டிஎம்ஐ சிக்னலை அப்படியே விடும். உங்கள் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸில் அப்படி வரும் எச்டிஎம்ஐ 1.4 தான், அதில் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ்தான் தாங்கும். விண்டோஸ் டிவியைப் பார்த்ததும் தானாக 4கே-யைத் தேர்ந்தெடுத்துவிடும், நொடிக்கு 30 படம் மட்டும் போகும். படம் பார்க்கும்போது தெரியாது, ஏனென்றால் சினிமாவே 24 தானே. ஆட்டம் 60-ல் ஓடும்போது பாதிப் படம் காணாமல் போகிறது, தாமதமும் கூடுகிறது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட் என்ன என்று பாருங்கள். 30 என்று இருந்தால் ரெசொல்யூஷனை 1080பி-க்கு இறக்கி 60 ஹெர்ட்ஸ் வையுங்கள். 43 அங்குல டிவியை ஹாலில் சோபாவிலிருந்து பார்க்கும்போது பிஎஸ்2 ஆட்டத்துக்கு 1080பி போதும் போதும். அப்புறம் டிவி ரிமோட்டில் கேம் மோடு இருக்கும், அந்த எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு அதை ஆன் செய்யுங்கள். அது இல்லாமல் டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று உட்கார்ந்து, வந்த படத்தைத் தாமதமாகத்தான் காட்டும்.

திருச்சிக்காரன்

30 என்றுதான் இருந்தது! 1080பி, 60 ஹெர்ட்ஸ் மாற்றி கேம் மோடும் போட்டேன். பிஎஸ்1 வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, பட்டன் தாமதம் சுத்தமாகப் போய்விட்டது. ரொம்ப நன்றி அண்ணா.

கிரான் டூரிஸ்மோ 4 மட்டும் இன்னும் இழுக்கிறது. இன்டர்னல் ரெசொல்யூஷன் (எமுலேட்டர் படத்தை வரையும் அளவு) பிஎஸ்2-வின் அசல் அளவைப்போல 3 மடங்கு வைத்திருக்கிறேன்.

மெமரிகார்டு

இனி எது திணறுகிறது என்று எமுலேட்டரையே கேட்கலாம். பிசிஎஸ்எக்ஸ்2-வில் திரையின் மூலையில் எண்களைக் காட்டும் வசதி உண்டு, ஆன் ஸ்கிரீன் டிஸ்ப்ளே பக்கத்தில் சிபியு, ஜிபியு பயன்பாடு இரண்டையும் டிக் செய்யுங்கள். ஈஈ, ஜிஎஸ், வியு, ஜிபியு என்று வரும். ஈஈ என்பது பிஎஸ்2-வின் முதன்மைப் பிராசசரை உங்கள் பிராசசரின் ஒரு கோர் தனியாளாகச் சுமக்கும் வேலை. அது 100-ஐ ஒட்டி நின்றால் பிராசசர் போதவில்லை. ஜிபியு 100-ஐ ஒட்டி நின்றால் கிராபிக்ஸ் போதவில்லை. அதே இடத்தில் இன்டர்னல் ரெசொல்யூஷனை நேட்டிவ்வுக்கு (அசல் அளவுக்கு) இறக்கிப் பாருங்கள். உடனே வேகம் வந்துவிட்டால் பிராசசர் மேல் பழி இல்லை.

உங்கள் பெட்டியில் எனக்கு உறுத்துவது அந்த ஒற்றை ரேம் ஸ்டிக். பிஎஸ்2-வின் கிராபிக்ஸ் சிப்புக்குள்ளேயே 4 எம்பி மெமரி வைத்திருந்தார்கள். வெறும் 4 எம்பிதான், ஆனால் அதன் வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2000-ஆம் ஆண்டில் வந்த பெட்டியில்! ஆட்டம் எழுதியவர்கள் அந்த வேகத்தை நம்பி ஒரே இடத்தின் மேல் புகை, நிழல், ஒளி என்று அடுக்கடுக்காக வரைந்து தள்ளினார்கள். உங்களுடைய கிராபிக்ஸ் பிராசசருக்குள் இருக்கிறது, அதற்குச் சொந்த மெமரி இல்லை, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டிடிஆர்3-1600 ஒரு ஸ்டிக் என்றால் மொத்தமே நொடிக்கு 12.8 ஜிபி, அதிலும் பிராசசருக்குப் பங்கு போக வேண்டும். இரண்டு ஸ்டிக் போட்டால் 25.6. அளவு 16 ஜிபி ஆவதால் எமுலேட்டருக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை, இரண்டு வழியாகப் போவதுதான் லாபம். பழைய டிடிஆர்3 ஸ்டிக்கைச் சீந்த ஆள் இல்லாத காலம் இது, முதலில் அதைச் செய்யுங்கள்.

ஹார்ட் டிஸ்கைப் பற்றி யாராவது சொல்லுவார்கள், முந்திக்கொள்கிறேன். எஸ்எஸ்டி போட்டால் விண்டோஸ் சீக்கிரம் எழும், ஹாலில் இருக்கிற பெட்டிக்கு அது நல்லதுதான். ஆட்டத்தின் வேகம் ஏறாது. பிஎஸ்2 டிரைவ் டிவிடியைப் படித்த வேகமே நொடிக்கு ஐந்தரை எம்பிதான்.

திருச்சிக்காரன்

சித்தப்பா வீட்டுப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் கிடைத்தது, போட்டுவிட்டேன். இப்போது நிலவரம்: நேட்டிவ்வில் முழு வேகம். 2 மடங்கில் கிட்டத்தட்ட முழு வேகம், முன்னால் அதுவும் இழுத்தது. 3 மடங்கு வைத்தால் ஜிபியு 99-ல் நிற்கிறது, ஈஈ 65, 70 என்று இருக்கிறது. ரேஸ் தொடங்கி எல்லாக் கார்களும் கூட்டமாக முதல் வளைவுக்குப் போகும்போது மட்டும் ஈஈ 90 தாண்டுகிறது.

அப்படியானால் கார்டுதான், இல்லையா?

ரிச்சிதெரு

கார்டுதான். ஐ7-4790-ஐ மறந்துவிடுங்கள். உங்கள் ஐ5 ஒரு கோரில் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அந்த ஐ7 4.0 வரை போகும், பத்து சதவீதம் சொச்சம்தான் வித்தியாசம். ஐ7-இல் கூடுதலாக வரும் த்ரெட்டுகள் பிஎஸ்2-வுக்கும் கேம்க்யூபுக்கும் பெரிதாக உதவாது. அந்த முதல் வளைவுக்கு, செட்டிங்ஸில் மல்டி-த்ரெடட் வியு1 டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அது ஈஈ-யின் சுமையில் ஒரு பகுதியை வேறு கோருக்குத் தள்ளும்.

கார்டு வாங்கும்போது இந்தக் கேபினட்டில் கவனிக்க வேண்டியது நிறைய. லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு மட்டும்தான் நிற்கும், அதோடு வரும் குட்டை பிராக்கெட்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், செகண்ட் ஹேண்டில் பாதிப் பேர் அதைத் தொலைத்திருப்பார்கள். பவர் சப்ளை 255 வாட்தான், கார்டுக்குத் தனி வயரும் வராது, ஸ்லாட்டிலிருந்து எடுக்கும் மின்சாரத்திலேயே ஓடுகிற கார்டாக இருக்க வேண்டும். பெரிய ஸ்லாட் பவர் சப்ளைக்குப் பக்கத்தில் ஒட்டி இருக்கிறது, ஜிடிஎக்ஸ் 1650 லோ புரொஃபைல் இரண்டு ஸ்லாட் அகலம், அங்கே இடிக்கும். மூடியைத் திறந்து ஸ்கேல் வைத்து அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஜிடி 1030 என்று காட்டுவார்கள். அதில் இரண்டு உண்டு, ஒரே பெயர், ஒரே மாதிரி அட்டைப்பெட்டி. ஜிடிடிஆர்5 மெமரி போட்டது நொடிக்கு 48 ஜிபி. 2018-இல் வந்த டிடிஆர்4 போட்டது 16.8 ஜிபி, அதாவது இப்போது உங்கள் இரண்டு ரேம் ஸ்டிக்கைவிடக் குறைவு! மெமரிகார்டு மேலே சொன்ன காரணத்துக்காகவே பிஎஸ்2-வுக்கு அதை வாங்கவே கூடாது. பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

என் தேர்வு என்விடியா டி600. ஆபீஸ் ஒர்க்ஸ்டேஷன்களில் இருந்து கழற்றி விற்பதால் செகண்ட் ஹேண்டில் வருகிறது, ஒற்றை ஸ்லாட், லோ புரொஃபைல், 40 வாட், 4 ஜிபி. தேடினால் உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்கும். கிடைக்காவிட்டால் டி400, அது 30 வாட், கொஞ்சம் பலம் குறைவு, ஆனால் 3 மடங்கை இழுக்கும். இரண்டிலும் மினி டிஸ்ப்ளேபோர்ட்தான் இருக்கும், அதனால் 4கே 60 ஹெர்ட்ஸ் என்று போட்ட ஆக்டிவ் அடாப்டர் (சிக்னலைத் தானே மாற்றித் தருவது) ஒன்று கூடவே வாங்கிவிடுங்கள், பழையதையே மாட்டி மறுபடி 30-க்குப் போகாதீர்கள்.

ஆர்எக்ஸ் 6400-ஐயும் சிலர் சொல்வார்கள். நல்ல கார்டு, ஆனால் அது ஸ்லாட்டில் நாலு லேன் (தரவு போகும் பாதை) மட்டும் பயன்படுத்தும், பிசிஐஇ 4.0 போர்டை மனதில் வைத்துச் செய்தது, உங்கள் போர்டு 3.0, அதனால் சில இடங்களில் மூச்சு வாங்கும். இன்டெல் ஆர்க் ஏ380 ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் நேரடியாக எட்டும் வசதி) இல்லாத போர்டில் சோபிக்காது, உங்கள் போர்டில் அது இல்லை.

ஜாய்ஸ்டிக்86

ரிச்சிதெரு சொல்வதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 2013-இல் வந்த பிராசசரில் காசைப் போடுவதைவிட, இதை விற்றுவிட்டு கொஞ்சம் சேர்த்து ஒரு ரைசன் 5 5600ஜி பெட்டிக்குப் போகலாம். ஆறு கோர், டிடிஆர்4-3200 இரண்டு ஸ்டிக் போட்டால் நொடிக்கு 51.2 ஜிபி, கார்டே இல்லாமல் பிஎஸ்2, கேம்க்யூப், வீ எல்லாம் ஓடும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது, ஐ5-4570 விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை, அதையும் யோசியுங்கள்.

பிஎஸ்3 கேட்டிருந்தீர்கள். இந்தப் பெட்டியில் எந்தக் கார்டு போட்டாலும் நடக்காது, அதில் ஆசை வைக்காதீர்கள். பிஎஸ்3-யின் செல் பிராசசரில் முதன்மைக் கோரோடு ஆட்டங்களுக்கு ஆறு எஸ்பியு (துணைப் பிராசசர்கள்) தனியாகக் கிடைக்கும், எல்லாம் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஒரே நேரத்தில் வேலை செய்பவை. பிஎஸ்3 எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3 அவ்வளவையும் உங்கள் நான்கு கோர்களில் பிழிய வேண்டும். 5600ஜி-யில் இலகுவான பிஎஸ்3 ஆட்டங்களாவது ஓடும்.

பழையபெட்டி

அவர் பட்ஜெட் பத்தாயிரம் ப்ரோ, 5600ஜி-க்குப் போர்டு, ரேம், கேபினட் என்று எல்லாம் சேர்ந்தால் எங்கேயோ போய் நிற்கும். கேட்டது பிஎஸ்2, கேம்க்யூப், அதற்கு இந்தப் பெட்டியும் ஒரு கார்டும் போதும். விண்டோஸ் கவலைக்கு, எமுலேட்டர்களோடு வரும் லினக்ஸ் சிஸ்டமான பட்டோசெராவைப் பென் டிரைவில் போட்டு பூட் செய்து பார்க்கலாம், ஹார்ட் டிஸ்கில் கை வைக்க வேண்டாம். டிவியிலிருந்தே கன்ட்ரோலரால் எல்லாவற்றையும் ஓட்டலாம், கீபோர்டே வேண்டாம்.

டால்ஃபினில் (கேம்க்யூப், வீ எமுலேட்டர்) ஒரு செட்டிங் மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல்முறை ஒரு இடத்துக்குப் போகும்போது சொடக்குப் போட்ட மாதிரி ஒரு கணம் நிற்கும், ஷேடர்களை (படம் வரைய கிராபிக்ஸ் சிப் ஓட்டும் சின்ன புரோகிராம்கள்) அப்போதுதான் தயாரிக்கிறது. 2017-இல் இதற்காகவே எல்லாவற்றுக்கும் பொதுவான பெரிய ஷேடராக ஊபர்ஷேடர் கொண்டுவந்தார்கள். கார்டு போட்ட பிறகு ஹைப்ரிட் ஊபர்ஷேடர் வையுங்கள், இப்போது உள்ள கிராபிக்ஸில் வைத்தால் இன்னும் மோசமாகும்.

ப்ளூடூத் கன்ட்ரோலர் என்றால் டாங்கிளை யுஎஸ்பி 3 போர்ட்டில் சொருகாதீர்கள், அந்தப் போர்ட் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் விடும், பட்டன் தவறும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை டிவி ஸ்டாண்டுக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள்.

திருச்சிக்காரன்

டி600 வாங்கிப் போட்டாயிற்று, ஆக்டிவ் அடாப்டரோடு. கிரான் டூரிஸ்மோ 4 இப்போது 3 மடங்கில் ஜிபியு பாதிகூட எட்டவில்லை. டால்ஃபினும் நன்றாக ஓடுகிறது. எல்லோருக்கும் நன்றி!

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். சில பிஎஸ்2 டிஸ்க்குகளில் வேகம் 100 சதவீதம் என்றே காட்டுகிறது, சத்தமும் சரியாக இருக்கிறது, ஆனால் கேமரா மெதுவாகத் திரும்பும்போது சீரான இடைவெளியில் ஒரு சின்ன உதறல். எல்லாம் இங்கே வாங்கிய டிஸ்க்குகள்.

மெமரிகார்டு

இங்கே வாங்கியது என்பதுதான் காரணம். இந்தியாவில் விற்ற பிஎஸ்2 டிஸ்க்குகள் பால் (PAL) வகை, ஆட்டம் நொடிக்கு 50 படம் தருகிறது. டிவி 60 கேட்கிறது. 50-ஐ 60-ஆக்க ஒவ்வொரு ஐந்தாவது படத்தையும் இரண்டு முறை காட்ட வேண்டியிருக்கிறது, அந்த உதறல் அதுதான். எந்தக் கார்டும் இதைத் தீர்க்காது.

பல பால் டிஸ்க்குகள் தொடக்கத்திலேயே 50-ஆ 60-ஆ என்று கேட்கும், அல்லது ஆப்ஷன்ஸில் வைத்திருப்பார்கள், அங்கே 60 தேர்ந்தெடுங்கள். அப்படி எதுவும் இல்லாத ஆட்டத்துக்கு, தொடங்கும் முன் விண்டோஸில் ரிஃப்ரெஷ் ரேட்டை 50 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள், நம் ஊர் டிவி ஒளிபரப்பே 50 என்பதால் இங்கே விற்கும் டிவிகள் அதை மறுக்காது. பிசிஎஸ்எக்ஸ்2-வில் விசிங்க் (படத்தை டிவியின் ரிஃப்ரெஷ் ரேட்டோடு ஒத்துப்போக வைப்பது) ஆன் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். முடித்ததும் 60-க்கு மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து டால்ஃபினில் 60-ல் ஓடும் ஆட்டம் போடும்போது அங்கே உதறும்.