சில்லறைக் காசை வைத்துக் குறுக்கெழுத்து: இந்தக் குறிப்புகள் தேறுமா?

கேள்வி (காவேரிப்பட்டணம்):
மாங்காய் மண்டியில் கணக்கெழுதுகிறேன். எங்கள் வாசகர் வட்டக் கையெழுத்து இதழில் குறுக்கெழுத்துப் பக்கம் என் பொறுப்பு. இந்த மாதம் முழுக்கத் துட்டு, சில்லறைதான். ஆங்கிலப் புதிரில் இது சுலபம். குறிப்பில் பென்னி (பிரிட்டிஷ் சில்லறைக் காசு) என்று வந்தால் விடையில் 'பி' எழுத்தைப் போடலாம். 1971க்கு முந்தைய பழைய பென்னி என்றால் டெனாரியஸ் என்ற ரோமானியக் காசின் வழி வந்த 'டி'. 'சேஞ்ச்' என்றால் சில்லறை, மாற்று என்று இரண்டும் உண்டு; புதிரில் எழுத்தைக் கலைத்துப் போடு என்று பொருள். நமக்கு அந்த ஓரெழுத்து வசதி கிடையாது, சொல்லையே உடைக்க வேண்டியிருக்கிறது. இதுவரை வந்தவை (அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை):

மூச்சை அடக்கு, சல்லிக்காசு கிடைக்கும் (4): தம்பிடி
அண்ணாவில் ஓர் எழுத்துப் போனால் பழைய காசு (2): அணா

முதலாவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இரண்டாவது சப்பென்று இருக்கிறது. எப்படி மாற்றலாம்? 'சேஞ்ச்' வேலைக்குத் தமிழில் எதை வைக்கலாம்?

பதில் (தருமபுரி):
அண்ணா, 'ஓர் எழுத்து' என்று பச்சையாகச் சொல்வதால்தான் சப்பென்றாகிறது. போவது ண், மெய்யெழுத்து. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல் இருக்கிறதே, இரண்டையும் சேருங்கள்:

மெய்யை விட்டும் அண்ணாவிடம் நாணயம் இருக்கிறது (2)

பொய் பேசும் அண்ணனிடம் ஏது நாணயம் என்று படிப்பவர் குழம்பட்டும். 'சேஞ்ச்' இடத்தில் 'சில்லறை மாற்றினால்' என்றே வையுங்கள், அச்சாகப் பொருந்தும். உதாரணம்: நரகம், சில்லறை மாற்றினால் பெரிய ஊர் (4). விடை நகரம்.

பதில் (கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை):
தம்பி, மாங்காய் மண்டியில் இருந்துகொண்டு மாகாணியை விடலாமா? மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. கூட்டினால் பதினாறில் ஒன்று, அதுதான் மாகாணி. ரூபாய்க்குப் பதினாறு அணா, ஆக மாகாணி ரூபாய் ஓர் அணா.

ரூபாயில் ஓர் அணா வேண்டுமா? மாமரத்தோடு நிலத்தையும் சேர் (3)

தம்பிடியைத்தான் கொஞ்சம் யோசியுங்கள். குறிப்பு அருமை. ஆனால் ரூபாய்க்கு 192 தம்பிடி என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்ததோடு போயிற்று. இன்று பத்தாவது படிக்கும் பிள்ளை நாலணாவைக்கூடக் கடையில் கொடுத்திருக்காது, அது 2011 ஜூனோடு செல்லாமல் போனது. 'தம் பிடி' வரை வந்துவிட்டு, இப்படி ஒரு காசு உண்டா என்று நின்றுவிடும். குறுக்கே வெட்டும் சொற்களை எளிதாக வையுங்கள், இரண்டாம் எழுத்தும் நாலாம் எழுத்தும் தானாகக் கிடைக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க அம்மா, நன்றி தம்பி. நகரத்தின் கடைசி ம், தம்பிடியின் இரண்டாம் கட்டத்தில் சரியாக உட்காருகிறது. டி-க்குக் கண்ணாடியை மேலிருந்து இறக்குகிறேன். மாகாணிக்கு இடம் பண்ண இன்று ராத்திரி கட்டத்தைத் திரும்ப வரைய வேண்டும்.