யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டருக்கு ஒரு தமிழ்ச்சொல்: ‘செருகு வலையட்டை’

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையக மாணவர்களுக்கான கணினிக் கையேட்டில், மடிக்கணினிக்கு வேகமான கம்பிவழி இணைப்பைச் சேர்ப்பது பற்றிய பகுதி ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. ஈதர்நெட் எனப்படும் கம்பிவழி வலையமைப்பு வடத்தைச் செருகும் துறை (போர்ட்) இல்லாத மெல்லிய மடிக்கணினியின் யூஎஸ்பி துறையில் செருகும் சிறு கருவியைக் கடைக்காரரும் பிள்ளைகளும் ‘டொங்கிள்’ என்றோ ‘கன்வெர்ட்டர்’ என்றோ சொல்கிறார்கள். ஹட்டன் நண்பர் முன்மொழிந்த ‘ஈதர்நெட் மாற்றி’ சொல்ல எளியது. ஆயினும் கருவியின் வேலை அதற்குள் அடங்கவில்லை.

மாற்றி என்றால் ஒரு செருகியின் வடிவத்தை இன்னொன்றாக்கும் துண்டு என்றே மாணவர் எண்ணுவர். இதற்குள்ளோ வலையமைப்பைக் கையாளும் முழுச் சில்லு இருக்கிறது. ரியல்டெக்கின் ஆர்டிஎல்8156 என்னும் சில்லு செக்கனுக்கு 2.5 கிகாபிட் வரை தருகிறது. வலையமைப்பில் கருவியை அடையாளங்காட்டும் மேக் முகவரியும் இதற்கெனத் தனியே உண்டு. முகவரி பார்த்து அனுமதிக்கும் ஆய்வுகூடமொன்றில் இதைக் கழற்றி வேறொரு மடிக்கணினியில் செருகினால், பொதுவாக அனுமதியும் கூடவே போய்விடும். ஆகவே இது வெளியே தொங்கும் வலையட்டையேயாகும்.

பாடநூல்களில் வழங்கும் ‘வலையமைப்பு இடைமுக அட்டை’யைச் சுருக்கி ‘வலையட்டை’ எனலாம். ‘புறவலையட்டை’ என்ற யோசனையில் ஒரு சிக்கல்: புறத்தே உள்ள வலையட்டையா, புறவலைக்கான (எக்ஸ்ட்ராநெட்) அட்டையா என்ற ஐயம் எழும். ‘செருகு வலையட்டை’ என்றால் ஊறுகாய் போன்ற வினைத்தொகை. செருகிய, செருகுகின்ற, செருகும் என முக்காலத்துக்கும் பொருந்தும். தேயிலை மலையில் அட்டை என்றதும் காலில் ஏறும் அட்டைதானே நினைவுக்கு வரும் என்று சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இதுவும் மடிக்கணினியின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் மின்சாரத்தை உறிஞ்சிச் சூடேறுவதுதான்.

வேகத்தைப் பெயருக்குள் திணிக்காமல், ‘2.5 கிகாபிட் செருகு வலையட்டை’ என முன்னால் எண்ணாக வைப்பதே நல்லது. ஏனெனில் கருவியில் அச்சிட்ட எண் மட்டும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. யூஎஸ்பி 2.0 துறையின் உச்சமே 480 மெகாபிட், அதாவது அரைக் கிகாபிட்டுக்கும் குறைவு; யூஎஸ்பி 3.0 துறையின் 5 கிகாபிட்டில் குறியாக்கத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு போக 4 கிகாபிட் மிஞ்சுவதால், அங்கே 2.5 தாராளமாக அடங்கும். வடத்தின் மறுமுனையில் உள்ள ஆளி (சுவிட்ச்) 1 கிகாபிட்டுக்கு உரியதாயின் இணைப்பும் 1 கிகாபிட்டுக்கு இறங்கிவிடும். வடத்தைப் பிடுங்கி மாற்றவேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 802.3பிஇசட் என்னும் ஈதர்நெட் நியமம், ஏற்கெனவே பதித்த கேட்5ஈ வகை வலை வடத்திலேயே 100 மீற்றர் தூரத்துக்கு 2.5 கிகாபிட்டை அனுமதிக்கிறது. சேவையகத்திலிருந்து பெரிய காணொளிகளைப் பிரதிசெய்யும் ஆய்வுகூடத்துக்கு இது பெரும் பயன். 4ஜி ரவுட்டரை நம்பியிருக்கும் லயத்து வீட்டுக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இணையம் இதனால் சற்றும் வேகமாகாது. அங்கே இதற்குப் பணம் செலவிடச் சொல்லக்கூடாது.

உங்கள் கருத்தை அறியத் தருக.

*

ஐயா அவர்களுக்கு,

‘செருகு வலையட்டை’க்கு உடன்படுகிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் பண்டாரவளைப் பக்கம் பிற்பகல் இடிமழை இறங்கும்போது, வடத்தோடு சேர்த்துக் கழற்றிவைக்க வேண்டிய பொருள் என்பதையும் ‘செருகு’ நினைவூட்டுகிறது. மின்னல் அதிர்வு செப்புக் கம்பி வழியே வந்தால் மடிக்கணினிக்கும் கேடு என்பதை அதே பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. ‘லைன்’ என்பதை லயமாகவும், தொழிலாளர் காலையில் கூடும் ‘பரேட்’டைப் பெரட்டாகவும் நம் வாய்க்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டவர்கள் நாம். டொங்கிளை மட்டும் விரட்டுவானேன்? கலைச்சொல் பாடத்தில் இருக்கட்டும். பின்னிணைப்பில் ‘டொங்கிள்: செருகு வலையட்டை பார்க்க’ என்று ஒரு வரி வேண்டும். நுவரெலியாக் கடையில் பிள்ளை கேட்கப்போவது அந்தப் பெயரைச் சொல்லித்தான்.