மூட்டு வலி மாத்திரையும் அம்மாவின் கிரியாட்டினினும்

கோத்தகிரி மகள்:
58 வயதான என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். முழங்கால் வலிக்காக, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை இரண்டு ஆண்டுகளாக அநேகமாகத் தினமும் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை உண்டு. உறவினர் கொடுத்த மூலிகைப் பொடியையும் இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். சென்ற வாரம் எடுத்த பரிசோதனையில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.6, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 37 என்று வந்திருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரைதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்கிறார்கள் வீட்டில். அதை நிறுத்திவிடலாமா?

குன்னூர் மருந்தாளுநர்:
அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றே நிறுத்த வேண்டியது டைக்ளோஃபெனாக். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாய் சுருங்கிவிடாமல் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் காக்கிறது. வலி மாத்திரை அந்தப் பொருள் உருவாவதையே தடுத்துவிடுகிறது. டெல்மிசார்டனோ ரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, ஹைட்ரோகுளோரோதயசைடு உடலிலுள்ள உப்பையும் நீரையும் குறைக்கிறது. தனித்தனியே பலர் தாங்கிக்கொள்ளும் இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும்போது, ரத்தத்தை வடிகட்டத் தேவையான அழுத்தமே சிறுநீரகத்துக்குக் கிடைக்காமல் போகிறது. ஐபுபுரூஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் இதே வகைதான். பெயர் மாற்றி வாங்கிவிடாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமாலை எந்த அளவில் கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மா பகலில் தண்ணீர் குடிக்கிறாரா? குளிரில் தாகம் தெரியாது. ஒதுங்க இடமில்லாத சரிவுகளில், காலையில் ஒரு டம்ளர் தேநீர் குடித்துவிட்டு, கொழுந்தை எடை போடும் வரை வாயில் நீர் படாமல் நிற்கும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொடைக்கானல்வாசி:
அந்தப் பொடியில் என்னென்ன மூலிகைகள் சேர்ந்திருக்கின்றன என்று கேட்டறியும் வரை அதையும் கொடுக்காதீர்கள். ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை இரண்டிலும் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைத் தழும்பாக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிவதற்காக இந்த அமிலம் கொண்ட மூலிகை கலந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. மலையில் விளைந்தது கெடுதல் செய்யாது என்றுதான் என் தந்தையும் நம்பினார்.

கோத்தகிரி மகள்:
நீங்கள் இருவரும் சொன்னதைப் படித்துக் காட்டினேன். மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டார். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோலும் தினமும் போடுகிறாராம், இதுவரை எனக்கே தெரியாது. இழந்த செயல்பாடு திரும்ப வருமா?

குன்னூர் மருந்தாளுநர்:
ஒமிப்ரசோலும் அரிதாகச் சிறுநீரகத்தில் அழற்சியை ஏற்படுத்தும். வலி மாத்திரை நின்றபின் அது தேவைதானா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினையும், கூடவே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்பதையும் பாருங்கள். மருந்தால் அண்மையில் வந்த குறைவு என்றால் பெரும்பாலும் மீளும். மூன்று மாதம் கடந்தும் இ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பார்கள். பழைய பரிசோதனைச் சீட்டு ஏதேனும் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள், இந்தக் குறைவு எப்போது தொடங்கியது என்பதை அதை வைத்துத்தான் மருத்துவர் சொல்ல முடியும்.