ஊட்டிப் பனியில் செல்ஃப் இழுக்கும் பழைய மாருதி 800: பேட்டரியை மாற்றலாமா?

லவ்டேல் வாசி:
வணக்கம். 1997 மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) வண்டி, இரவில் வெளியில்தான் நிற்கும். புல்லில் உறைபனி படிந்த காலைகளில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. ஏழெட்டு முறை சாவி போட்டால்தான் பிடிக்கிறது. வெயில் ஏறிவிட்டால் தொல்லையில்லை. பேட்டரிக்கு வயது எட்டு மாதம், பிளக்கும் புதுசு. சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தூக்கலாகக் கொடுக்க இழுக்கும் குமிழ்) வேறு இந்த மாதம் இறுகிவிட்டது, அது தனி வேலை. பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
அளக்காமல் மாற்றாதீர்கள். குளிரில் ஆயில் கெட்டியாகிறது, பேட்டரியின் பலமும் குறைகிறது. மற்ற நேரத்தில் மறைந்திருக்கும் கோளாறு அப்போதுதான் வெளியே தெரியும்.

நாளைக் காலை, வண்டியைத் தொடும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். எஞ்சின் பிடித்துவிடாமல் இருக்க, காயிலிலிருந்து (பொறிக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) டிஸ்ட்ரிபியூட்டருக்கு (அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பாகம்) போகும் நடு ஒயரைக் கழற்றி எஞ்சின் இரும்போடு சேர்த்து எர்த் செய்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஒருவர் ஐந்து விநாடி மட்டும் செல்ஃப் அடிக்கட்டும். அப்போது பேட்டரி 9.6க்குக் கீழே போகக் கூடாது. கடும் குளிரில் 9.1 வரை பொறுக்கலாம். அடுத்த முறை அடிக்கும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழிலும் (அதைப் பிடிக்கும் ஒயர் கிளாம்பில் வேண்டாம்), மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட் வரை சரி.

லவ்டேல் வாசி:
சும்மா இருக்கும்போது 12.5. செல்ஃப் அடிக்கையில் 11.1. பிளாக்குக்கும் மைனஸுக்கும் 1.3.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
பேட்டரி நன்றாகவே இருக்கிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றியும் பேட்டரி 11.1இல் நிற்கிறது என்றால், போகும் வழியில் கரண்ட் தடைபடுகிறது. அந்த 1.3 வோல்ட் எர்த் ஒயரில் (எஞ்சினிலிருந்து பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்பும் ஒயர்) வீணாகிறது. காயிலுக்கும் அதே எர்த்தான், ஆகவே பொறியும் பலவீனமாகிவிடும்.

கேபிள் 47:
சோக் தனி வேலை இல்லை, இரண்டும் ஒரே நோய். எஞ்சின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருக்கிறது. எர்த் ஒயர் கெட்டால் செல்ஃபின் கரண்ட் பாடிக்குத் திரும்ப வேறு இரும்பைத் தேடும். சோக், ஆக்சிலேட்டர் கேபிள்கள்தான் அதற்குக் கிடைக்கும். கம்பி சுட்டு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை உருகும், கேபிள் இறுகும். செல்ஃப் அடித்தவுடன் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மைனஸைக் கழற்றிவிட்டு, கியர்பாக்ஸில் எர்த் ஒயர் ஏறும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் லக்குக்குள் (ஒயர் முனையில் போல்ட் ஏறும் உலோக வளையம்) செம்பு பச்சை பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டால் நாலு நாள்தான் தாங்கும். 25 சதுர மி.மீ. செம்பு ஒயர், இரண்டு பக்கமும் அழுத்திய லக், தேய்த்த இரும்பின் மேல் போல்ட், அதற்கு மேல் வாசலின். பாடிக்குப் போகும் சிறிய எர்த்தையும் அப்படியே செய்யுங்கள். மைனஸ் கடைசியில்தான் ஏற வேண்டும்.

அதற்குப் பிறகுதான் சோக் கேபிள். முதலில் அதைப் போட்டால் புதுசும் வெந்துவிடும். மாட்டியதும் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, சோக்கை முழுக்க இழுத்து, கார்புரேட்டர் வாயில் தகடு முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாது.

லவ்டேல் வாசி:
கேபிள் சுடுகிறது! எர்த் மாற்றியாயிற்று, இப்போது 0.1. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் பிடித்து ஒரு நிமிடத்தில் கறுப்புப் புகை விட்டு அணைகிறது.

கேபிள் 47:
சோக்கை அதிக நேரம் விடுகிறீர்கள், அல்லது பழைய கேபிள் திரும்பவில்லை. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். காற்று மெலிசு, கலவை அங்கே தானாகவே பெட்ரோல் தூக்கலாக இருக்கும். பிடித்ததும் பாதி உள்ளே தள்ளுங்கள், சீராக ஓடினால் முழுக்க. அணைந்து பிளக் நனைந்துவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் இன்னும் பெட்ரோல்தான் பாயும்.