டிம்பர்பார்ன்: வறட்சி முடிஞ்சா வயல் முழுகுது, அடுத்த வறட்சியில அணை பாதியிலயே வத்துது. உதவி பண்ணுங்க

கோபிப்பக்கம்:
எல்லாத்துக்கும் வணக்கமுங்க. டிம்பர்பார்ன்ல, அதான் பீவருங்க அணை கட்டி ஊர் நடத்தற கம்ப்யூட்டர் ஆட்டத்துல, ஃபோக்டெய்ல்ஸ்ங்கற பீவர் கூட்டத்தை எடுத்து ஆடறேன். ஆறு எட்டுக் கட்ட அகலம். குறுக்கால லெவிய (தண்ணிய மறிக்கற கட்டை) மூணு அடுக்கு ஏத்தி, நடுவுல மூணு உயர ஃப்ளட்கேட் (ஏத்தி எறக்கற மதகு) ஒண்ணு வெச்சிருக்கறேன். அணைக்கு மேல்பக்கம் இடது கரையில கேரட்டும் உருளைக்கெழங்கும், வலது கரையில வீடுகளும் மரம் அறுக்கற மில்லும்.

வறட்சி முடிஞ்சு ஊத்து தொறந்ததும் அணை கடகடன்னு ரொம்புது. அப்பறம் தண்ணி கரையேறி வயலுக்குள்ள பூந்துருது. கேரட் முழுகிச் சாவுது, மில்லு வெள்ளத்துல நின்னு போவுது. கேட்டை அடி வரைக்கும் எறக்கி உட்டாலும் மட்டம் கொறைய மாட்டேங்குது. சரி, இவ்வளவு தண்ணி நிக்குதே, வறட்சிக்காவது ஆகும்னு பாத்தா அதுவும் இல்ல. பாதி நாள் போறதுக்குள்ள தரை தெரியுது, பீவருங்க தாகத்துல கெடக்குதுங்க. ரொம்பி வழியற அணை எப்புடிங்க அதுக்குள்ள வத்தும்? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்கரை:
கேட்டுக்குக் கீழ வேற எங்கயாச்சும் அடைப்பு இருக்குதுங்களா தம்பி? அணைக்குக் கீழ ஒரு ஸ்ட்ரீம் கேஜ் (தண்ணி அளக்கற கம்பம்) நட்டு, தண்ணி எவ்வளவு போவுதுன்னு பாருங்க. மேல ஊத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணு நடுங்க. ரெண்டு கணக்கும் வேணும்.

கோபிப்பக்கம்:
கீழ ஒண்ணும் இல்லீங்ண்ணா, வரைபட ஓரம் வரைக்கும் தண்ணி சும்மா ஓடிருது. கேஜ் வெச்சேன். வெள்ளம் வர்றப்ப மேல காட்டற வேகத்துல பாதிகூடக் கீழ காட்டல.

நொய்யல்கரை:
அதேதானுங்க. எட்டுக் கட்ட அகலத்துல வர்ற ஆத்தை ஒரே கட்ட வாசல் வழியா வெளிய போகச் சொல்றீங்க. ஒரு கட்டத்து வழியா இவ்வளவுதான் போவும்னு ஆட்டத்துல ஒரு அளவு இருக்குது. கேட்டை முழுசா எறக்குனாலும் அந்த அளவு மாறாது. மீதித் தண்ணிக்குப் போக்கெடம் வேணுமே, கரையேறாம என்ன பண்ணும்? இன்னும் ரெண்டு அடுக்கு லெவி ஏத்துனா இதுக்குத் தீர்வு கெடைக்காது. மட்டம் ஒசரும், வயல் இன்னும் ஆழமா முழுகும்.

கோயமுத்தூர்ல நொய்யல் தண்ணி வர்ற கொளம் எதையாச்சும் போய்ப் பாருங்க. கரையில மதகு ஒரு பக்கம், கலிங்கு ஒரு பக்கம்னு தனித்தனியா இருக்கும். பாசனத்துக்கு நாம தொறக்கறது மதகு. கலிங்கை யாரும் தொறக்க வேண்டியதில்ல, கொளம் ரொம்புனா அதுவா வழிஞ்சு அடுத்த கொளத்துக்கு ஓடிரும். உங்க அணையில மதகு இருக்குது, கலிங்கு இல்ல.

மேல் அடுக்கு லெவியப் பூராவும் எடுத்துட்டு, அந்த எடத்துல டேம் கட்டையா வரிசையா வெச்சுருங்க. லெவி மேல டேம் தாராளமா உக்காரும். டேம் தன் உயரத்துல 0.65 வரைக்கும் தண்ணியத் தேக்கும், அதுக்கு மேல வர்றதத் தன் மேலயே வழிய உட்ரும். ரெண்டு அடுக்கு லெவியும் அதும்மேல டேமும் இருந்தா 2.65 வரைக்கும் நிக்கும். மீதி ஏழு கட்ட அகலத்துலயும் சரிஞ்சு எறங்கிப் போயிரும். ராத்திரி பீவருங்க தூங்கினாலும், நீங்க வேற எடத்தப் பாத்துட்டிருந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். நான் ஃப்ளட்கேட்டை வெள்ளத்துக்குன்னு நம்பறதே இல்ல.

ஒண்ணை மட்டும் கவனிங்க. வழியற தண்ணிக்கும் ஒரு உயரம் வேணும். அதனால டேம் உச்சி, வயல் இருக்கற தரைக்கு ஒரு கட்டமாவது கீழ இருக்கணும். அப்படி எறக்க முடியலைன்னா வயலோரமா ஒரு வரிசை லெவி போட்டுருங்க. மூலையில கட்டைய வீணாக்காதீங்க. தண்ணி நாலு தெசையிலதான் ஓடும், குறுக்கு மூலை வழியா கசியாது. லெவியக் கோணலா, மூலைக்கு மூலை தொட்டாப்புல வெச்சாலே போதும்.

தாராபுரம்காரி:
வெள்ளத்துக்கு அண்ணன் சொன்னது சரி. வத்தறதுக்கு நான் சொல்றேன். தண்ணி ஆவியாகறது மேல்பரப்பைப் பொறுத்தது. பத்துக்குப் பத்து கட்டத்துல ஒரு ஆழம் தண்ணி நின்னா நூறு அளவு. அதே நூறை அஞ்சுக்கு அஞ்சுல நாலு ஆழமா நிறுத்திப் பாருங்க. வெயிலுக்குக் காட்டற பரப்பு நூறுல இருந்து இருபத்தஞ்சாயிருது, ஆவியா போறதும் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்குதான். உங்க வெள்ளம் வயல்மேல பரந்து நிக்குது. அது தண்ணி சேத்து வெச்ச கணக்குல வராதுங்க, காயப்போட்ட கணக்குத்தான். ஆத்துக்குள்ளயே டைனமைட் வெச்சு ஆழத்தை வெட்டுங்க. அகலத்தைக் கூட்டாதீங்க.

குடிதண்ணிய அணையிலயே வெக்காம டேங்க்ல ஏத்திருங்க. டேங்க்ல இருக்கறது ஒரு சொட்டு ஆவியாகாது. மழைக்காலத்துல பம்பை நிறுத்தாம ஓட்டி டேங்க் அத்தனையும் ரொப்பி வெக்கணும். அணைத்தண்ணி பயிர் ஈரத்துக்குன்னு மட்டும் இருந்தா எவ்வளவு வறட்சியையும் தாண்டிரலாம். ஒரு பக்கம் வயல் ரொம்ப காய்ஞ்சா டேங்க்ல இருந்து ஃப்ளூயிட் டம்ப் வழியா சின்னக் குழியில கொட்டியும் ஈரம் காக்கலாம்.

பெருந்துறைப் பையன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணும். மைன்கிராஃப்ட்ங்கற வேற ஆட்டத்துல கடலுக்கடியில ரூம் கட்டிட்டிருந்தேன், செவுரு ஒடைஞ்சு தண்ணி ரொம்பிருச்சு. பக்கெட்ல அள்ள அள்ள மறுபடி வருதுங்க.

தாராபுரம்காரி:
அள்ளித் தீராது கண்ணு. ரெண்டு மூலத்தண்ணிக் கட்டத்துக்கு (தண்ணி பரவறதுக்கு மூலமா இருக்கற முழுக் கட்டம்) நடுவுல இருக்கற கட்டம், அடியில கெட்டித் தரையோ மூலத்தண்ணியோ இருந்தா, தானா மூலத்தண்ணியா மாறிரும். மொதல்ல ஓட்டையை அடை. மேல இருந்து மணலைக் கொட்டி ரூமைச் சின்னச் சின்னத் தடுப்பாப் பிரி. ஒவ்வொரு தடுப்பையும் மணலால ரொப்பிட்டு அப்பறம் தோண்டி எடு. ஸ்பாஞ்ச் இருந்தா வேலை சுருக்கா முடியும், ஏழு கட்ட தூரம் வரைக்கும் உறிஞ்சும். ஈர ஸ்பாஞ்சை அடுப்புல காயவெச்சு மறுக்கா பயன்படுத்திக்கலாம். ஆட்டத்துல இருக்கற நெதர்ங்கற நெருப்பு உலகத்துல கொண்டுபோய் வெச்சா உடனே காஞ்சிரும்.

பெருந்துறைப் பையன்:
ஆச்சுங்கக்கா, மணல் போட்டுட்டேன். எரிமலைக் குழம்பும் இப்படித் தானா பெருகுமுங்களா?

தாராபுரம்காரி:
சாதாரணமாப் பெருகாது. 1.17 பதிப்புல இருந்து ஒரு வழி உண்டு. குழம்புக் கட்டத்துக்கு அடியில ஒரு கல்லு, அதுக்கடியில கூர்முனை டிரிப்ஸ்டோன் (சொட்டுக்கல்லு) தொங்கணும், அதுக்கும் கீழ கால்ட்ரன் (கொப்பரை) வை. மெதுவாச் சொட்டி ரொம்பும், பக்கெட்ல எடுத்துக்கலாம்.

சத்தி மலையடிவாரம்:
கேட்டை வீணுன்னு எடுத்துறாதீங்க தம்பி. பவானிசாகர்ல முழு நீர்மட்டம் 105 அடி. ஆனா மழைக்காலத்துல 102 அடி எட்டுனாலே உபரியத் தொறந்து உட்ருவாங்க, வர்ற வெள்ளத்துக்கு எடம் வேணுமில்ல? நீங்களும் அப்படியே ஆடுங்க. மழைக்காலம் மொத்தமும் கேட்டை எறக்கி வெச்சிருங்க. வறட்சி வருதுன்னு அறிவிப்பு வந்ததும் ஏத்தி அணைய ரொப்பிக்குங்க.

பேட்டைட், அதான் ஊத்துல கெட்ட தண்ணி வர்ற காலம், வந்தா இன்னும் அவசியம். கெட்ட தண்ணி அணைக்குள்ள ஒருக்கா பூந்துட்டா நல்ல தண்ணியும் கெட்டு, கரையோர மண்ணும் கெட்டுப் பயிர் செத்துரும். ஊத்துக்கும் அணைக்கும் நடுவுல ஒரு பக்க வாய்க்கா வெட்டி நேரா வரைபட ஓரத்துக்கு ஓட உடுங்க. ரெண்டு வாயிலயும் ஃப்ளட்கேட் வேணும். அறிவிப்பு வந்ததும் ஆத்து வாயை அடைச்சு, வாய்க்கா வாயைத் தொறங்க. அந்த வாய்க்காவும் ஆறு அளவுக்கு அகலமா இருக்கோணும்.

கோபிப்பக்கம்:
ரொம்ப நன்றிங்க. மேல் அடுக்கை டேமா மாத்துனேன், வயலோரம் லெவி போட்டேன். ஊத்து தொறந்து தண்ணி வந்துச்சு, அணை மேல ஒரே மட்டமா வழிஞ்சு போவுது, ஒரு கேரட்கூட முழுகல. ஆறையும் வெட்டி ஆழமாக்கிட்டேன். ஆனா இப்ப வறட்சிக் கடைசியில தண்ணி அடியில நிக்குது, பம்பு எடுக்க மாட்டேங்குதுங்க்கா.

தாராபுரம்காரி:
சாதாரண பம்போட கொழாய் கொஞ்ச ஆழம் வரைக்கும்தானுங்க எறங்கும். கரை மேல இருக்கற பம்பை எடுத்துட்டு, கரைய வெட்டி ஒரு படி எறக்கி, அங்க வைங்க. வெள்ளத்துல அந்தப் படி முழுகுனா பம்பு நின்னு போவும், அதனால படியச் சுத்தி லெவி போட்டு வைங்க. ஆழத்துல எடுக்கற பம்பு வேணும்னா அது அயர்ன் டீத்ங்கற இன்னொரு பீவர் கூட்டத்துக்கிட்டதான் இருக்குது.