பறப்பதில் எது சரி: ராக்கூன் வாலா, மஞ்சள் கேப்பா?

இலைக்காரன்

1988-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 வீடியோ கேமில் இலை, 1990-ல் வந்த சூப்பர் மரியோ வேர்ல்டில் இறகு. இலை எடுத்தால் ராக்கூன் வால், இறகு எடுத்தால் தோளில் மஞ்சள் கேப். இரண்டுமே மரியோவைப் பறக்க வைக்கும். ஆனால் இலைதான் ஒழுங்கான பவர்-அப் (எடுத்தால் புதுச் சக்தி தருகிற பொருள்), கேப் அந்த கேமின் லெவல்களையே வீணாக்கிவிட்டது என்பது என் கட்சி.

இலை எடுத்ததும் வால் முளைக்கிறது. ஆனால் உடனே பறக்க முடியாது. கொஞ்ச தூரம் நிற்காமல் ஓடி, திரைக்குக் கீழே இருக்கிற அம்புக்குறிகள் எல்லாம் நிரம்பி 'பி' மின்ன வேண்டும். அப்புறம் ஜம்ப் பட்டனைத் தட்டத் தட்ட சில விநாடிகள் மேலே போகலாம். நேரம் முடிந்தால் வாலை ஆட்டி மெதுவாக இறங்குவதுதான் வழி. அதனால் நீளமான தரையைப் பார்த்தாலே 'மேலே ஏதோ இருக்கிறது' என்று கண் தேட ஆரம்பிக்கும். முதல் உலகத்துக் கோட்டையில் கூரைக்கு மேலே பறந்து போனால் வேறு உலகத்துக்குத் தாவ வைக்கிற விசில் கிடைக்குமே, அந்த மாதிரி. எங்கே பறக்கலாம் என்பதை லெவலைக் கட்டியவர் தீர்மானிக்கிறார், நாம் கண்டுபிடிக்கிறோம்.

கேப்பில் அது இல்லை. டோனட் ப்ளெயின்ஸ் 1 லெவலில் சூப்பர் கூப்பா என்கிற கேப் போட்ட ஆமை எதிரியிடமிருந்து இறகைப் பறித்துக்கொண்டு ஓடிக் கிளம்பினால், கீழே வைத்திருக்கிற எல்லாவற்றுக்கும் மேலேயே போய்விடலாம். அப்படியென்றால் அந்த லெவல் எதற்கு?

காற்றாடி

இலைக்காரரே, நீங்கள் சொல்வது கேப் கைவந்தவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். அந்தக் கைவருவதுதான் விஷயமே!

வாலுக்கு என்ன வேண்டும்? தட்டிக்கொண்டே இருந்தால் போதும். கேப்பில் ஓடி எழும்பி உச்சிக்குப் போனதும் இறங்க ஆரம்பிக்கிறது. அப்போது போகிற திசைக்கு எதிர்ப்பக்கம் இழுத்தால் கேப் விரிந்து காற்றைப் பிடித்து மறுபடி மேலே ஏறும். சீக்கிரம் இழுத்தால் உயரம் கிடைக்காது, தாமதமானால் தரையில்தான் போய் விழுவோம். காற்றாடி விடுகிறவன் கை நூலை எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பழகுகிற மாதிரி, இது விரலில் ஊறவேண்டிய வித்தை. வேண்டுமென்றே தலைகீழாகப் பாய்ந்து தரையில் மோதினால், அந்த அதிர்ச்சியில் திரையில் தரையிலிருக்கிற எதிரிகள் சாய்கிறார்கள். ஒரே இறகில் இத்தனை இருக்கிறது.

'எல்லாவற்றையும் தாண்டிவிடலாம்' என்பதும் முழு உண்மை இல்லை. கோட்டைகளிலும் பேய் வீடுகளிலும் தலைக்கு மேல் கூரை இருக்கிறது. அந்த கேமில் மொத்தம் 96 வெளியேறும் வழிகள். ரகசிய வழியைத் திறக்கிற சாவி எங்கே, சாவித்துளை எங்கே என்று பார்க்காமல் மேகத்திலேயே போகிறவருக்கு அவற்றில் எத்தனை கண்ணில் படும்?

இலைக்காரன்

வித்தை என்றால் தவறுக்கு விலை இருக்க வேண்டும். கேப்போடு பறக்கும்போது எதிரி மோதினால் என்ன ஆகிறது? சுழன்று கீழே வருகிறோம், கேப் தோளிலேயே இருக்கிறது. வாலோடு எங்கே அடிபட்டாலும் வால் போச்சு. போதாததற்கு திரை உச்சியில் இன்னொரு பவர்-அப்பைச் சேமித்து வைக்க ஒரு பெட்டி வேறு.

காற்றாடி

அந்தப் பெட்டி ஏன் வந்தது என்று யோசியுங்கள். வேர்ல்டில் தரையில் நிற்கும்போது அடிபட்டால் கேப் மரியோ நேரே குட்டி மரியோ ஆகிவிடுகிறார், இடையில் படி எதுவும் இல்லை. மூன்றாம் கேமின் முதல் ஜப்பானியப் பதிப்பிலும் இதே கடுமைதான். 1990-ல் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் வால் போனால் பெரிய மரியோவாக நிற்கும்படி மாற்றினார்கள். நாம் பெரும்பாலும் ஆடியது அந்தப் பதிப்பு. எது அதிகம் மன்னிக்கிறது, சொல்லுங்கள்.

குட்டியாகவே போதும்

இருவரும் பெட்டியிலிருந்து விழுகிற பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். மரியோவின் பலம் அவர் உடம்பில் இருக்கிறது. 1985-ல் வந்த முதல் சூப்பர் மரியோ பிரதர்ஸிலேயே ஓடுகிற வேகத்தைப் பொறுத்துத்தான் தாவுகிற உயரம். வேர்ல்டின் சுழல் தாவல் எந்தப் பொருளும் இல்லாமல் வருவது, முள் முதுகு எதிரி மேலேயே குதித்துப் போகலாம். 1996-ல் மரியோ 64 வந்தபோது பெரிதாக்கும் காளானும் இல்லை, நெருப்புப் பூவும் இல்லை. மூன்றடுக்குத் தாவல், நீளத் தாவல், சுவரில் உதைத்து ஏறுவது, பின்பக்கக் குட்டிக்கரணம். 120 நட்சத்திரங்களில் பெரும்பகுதிக்கு இவையே போதும். இலையையும் கேப்பையும் எடுத்துவிட்டாலும் மரியோ மரியோதான். தாவலை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

காற்றாடி

64-லும் சிறகுத் தொப்பி இருக்கிறதே! மூன்றடுக்குத் தாவலில் கிளம்பி, கீழே பாய்ந்து வேகம் சேர்த்து, மூக்கைத் தூக்கி உயரம் ஏறுவது அப்படியே கேப்பின் வழி. உடம்பின் வித்தையும் பொருளும் சேருகிற இடம் அது. உங்கள் வாதம் எனக்குத்தான் உதவுகிறது.

இலைக்காரன்

தாவல்தான் அடிப்படை, அதில் எனக்கு மறுப்பில்லை. அதனால்தான் இலையைச் சொல்கிறேன்: அது தாவலை நீட்டுகிறது, கேப் தாவலை வேண்டாததாக்குகிறது. அப்புறம் பாருங்கள், 2011-ல் 3டி லேண்டில் வால் திரும்ப வந்தது, பறக்காமல் மிதக்க மட்டும். 2012-ல் நியூ சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2-ல் ஓடிப் பறக்கிற பழைய வாலே வந்துவிட்டது. இறகுக்கு அப்படி ஒரு புது கேம் எங்கே?

காற்றாடி

லெவல்களை நாமே கட்டுகிற 2015-ன் மரியோ மேக்கரில் இரண்டுமே இருக்கின்றன. மூன்றாம் கேமின் பாணியில் இலை, வேர்ல்டு பாணியில் இறகு. உங்கள் விருப்பப்படி கூரையைத் தாழ்வாக வையுங்கள், தரை முழுக்க முள் வையுங்கள், ஓடுவதற்கு ஆரம்பத்தில் மட்டும் இடம் விடுங்கள். அதே லெவலை இரண்டு பாணியிலும் கட்டுங்கள், நான் கேப்போடு வருகிறேன். நீங்கள் வாலோடு வாருங்கள்.